பதில்: 1,400 சொல் படக்கதையைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் குழந்தை ஓடுகிறது

நாலு வயதுக் குழந்தைக்கு நீங்கள் எழுதிய படக்கதையில் 1,400 சொல் என்பது மிக அதிகம். 500க்குள் கொண்டுவாருங்கள். உங்கள் ஓவியர் "நான் என்ன வரைவது?" என்று கேட்பதற்கும் இதுதான் காரணம், எல்லாவற்றையும் நீங்களே எழுத்தில் சொல்லிவிட்டீர்கள். சட்டை நிறம், முகபாவம், மழை, மரம் எல்லாம் படத்தின் வேலை. முதலில் அவற்றை எழுத்திலிருந்து அடித்து நீக்குங்கள்.

அடுத்து வினையெச்சங்கள். "எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்" என்று தமிழில் சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் ஒரு படத்தில் ஒரு கணம்தான் நிற்கும். எந்தக் கணம் வேண்டுமென்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பிறகு ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். 8 ஏ4 தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் 32 பக்கம் கிடைக்கும். தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதைக்கு 14 விரிபக்கம் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) போல மிஞ்சும். வாக்கியங்களை வெட்டி அதில் ஒட்டிப் பாருங்கள். வலப்பக்கக் கடைசி வரியில் ஒரு கேள்வியோ சத்தமோ நிற்கட்டும், விடை பக்கம் திருப்பினால் வரட்டும். உங்கள் கதையில் பூனை பெட்டிக்குள் இருப்பது அதே பக்கத்தில் தெரிந்துவிடுகிறதே, அப்புறம் குழந்தை எதற்குத் திருப்பும்?

நடு மடிப்பில் முகமோ எழுத்தோ வரக்கூடாது; தையல் விழுங்கிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே வரிகளை இருபுறமும் சமப்படுத்தாமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்யுங்கள். இல்லாவிட்டால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும்.

கடைசிப் பக்க நீதியை எடுத்துவிடுங்கள். கடைசிப் படமே அதைச் சொல்கிறது.

வெட்டிய பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "சென்றான்" என்பதை அவர் "போனான்" என்று மாற்றி வாசித்தால், அங்கே "போனான்" என்றே எழுதுங்கள்.