பேட்ரிக் எந்த ஊர்க்காரர்?

கேள்வி: அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக் அந்நாட்டுக்காரரே இல்லை என்று என் மருமகன் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மருமகன் ஜெயித்துவிட்டார், அம்மா. பேட்ரிக் பிறந்தது ரோமானிய பிரிட்டனில். 5ஆம் நூற்றாண்டில் அவரே தன் வாழ்க்கையைப் பற்றி லத்தீனில் எழுதிய ‘கன்ஃபெஸியோ’வில் குலம் கோத்திரம் எல்லாம் இருக்கிறது: தந்தை கல்போர்னியஸ் திருச்சபையில் திருத்தொண்டர் (டீக்கன்), தாத்தா பொத்தித்துஸ் குருவானவர். (குருவுக்கு ஏது பேரன் என்று முறைக்காதீர்கள், அந்தக் காலத்தில் மணமான குருக்கள் இருந்தார்கள்.) ஊர்ப் பெயரையும் எழுதியிருக்கிறார்: பன்னவேம் தபெர்னியே. வம்பே அங்கேதான். அப்படியோர் ஊரை இன்றைய வரைபடத்தில் எவராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. படியெடுத்தவர்கள் கையில் பெயர் சிதைந்திருக்கலாம். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன், வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா, வேல்ஸ் என்று ஆளுக்கோர் இடத்தைச் சொல்கிறார்கள். வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹாட்ரியன் சுவரை ஒட்டிய பர்டோஸ்வால்ட் கோட்டைக்கு ரோமானியர் வைத்த பெயர் ‘பன்னா’. சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒட்டவில்லை. ஏறக்குறைய 16 வயதில், ஊருக்கு அருகே தந்தையின் சிறு பண்ணையில் இருந்தபோது அவரைப் பிடித்து அயர்லாந்துக்கு அடிமையாகக் கொண்டுபோனார்கள். படகில் வந்த கொள்ளையருக்குக் கோட்டைக் காவல் பக்கம் என்ன வேலை? பிரிட்டனின் மேற்குக் கடலோரம் என்பதே என் கட்சி. அதில் எந்த ஊர் என்று மட்டும் மருமகனை விட்டுக் கேட்கவைக்காதீர்கள்.