மண்ணுக்கு உரிய மரம் எது? – வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவை. பூங்காவிலும் கண்மாய்க்கரையிலும் கடலோர மணலிலும் நிற்கும் அயல் மரங்களை அகற்றிவிட்டு நாட்டு மரங்களை நட வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படி என்பதே அவற்றின் சாரம். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவை ஒட்டிய சிறு பூங்காவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு குல்மோகரும் நிற்கின்றன. சுற்றுவேலியாகக் கோனோகார்ப்பஸ் வைத்திருக்கிறார்கள். எல்லாமே வெளிநாட்டு மரங்கள், வெட்டிவிட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்த நிழலில்தான் மாலை வேளைகளில் பெண்கள் நாங்கள் உட்காருகிறோம். என்ன செய்வது சரி?
– வாசகி, கீழக்கரை

பதில்: தூங்குமூஞ்சியையும் குல்மோகரையும் வெட்டக் கூடாது என்பதே என் கருத்து. தூங்குமூஞ்சி நடு அமெரிக்க, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்தும், குல்மோகர் மடகாஸ்கர் தீவிலிருந்தும் வந்தவை என்பது உண்மைதான். ஆனால் நாம் குழம்புக்குக் கரைக்கும் புளியும் ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட மரத்தின் காய்தான். எதிர்க்கரையான இலங்கையின் மன்னாரில் நிற்கும் பெருக்க (பாவோபாப்) மரங்களையும் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகவே சொல்கிறார்கள். வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு குற்றமாகாது. வந்த மரம் தன் எல்லைக்குள் நிற்கிறதா, அல்லது ஒருவரும் நடாமலேயே பரவி மற்றச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பூங்காவின் மூன்று மரங்களும் நட்ட இடத்தில் நிற்கின்றன, நிழல் தருகின்றன. இவ்வளவு வெயில் காயும் ஊரில் வளர்ந்த நிழலை இழந்தால், கன்று வளர்ந்து அதை ஈடுசெய்யப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

கோனோகார்ப்பஸ் விஷயத்தில் இளைஞர்களின் பக்கம் நிற்கிறேன். வேகமாக வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும் என்பதற்காக நகரங்களில் அதை நட்டார்கள். வேர் குழாய்களையும் நடைபாதையையும் கெடுக்கிறது, பூந்தூள் மூச்சுத் தொல்லை தருகிறது என்ற புகார்கள் பெருகியதால் 2023-இல் குஜராத் அரசு அதை நடுவதற்குத் தடை விதித்தது. அந்த வேலியை எடுத்துவிட்டு நொச்சியும் உகாயும் வைக்கலாம். கீழக்கரைக்காரர்களுக்கு உகாயை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்கள் வீடுகளில் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி அந்த மரத்தினுடையதுதான். உவர் மண்ணையும் கடற்காற்றையும் தாங்கி, கேட்பாரில்லாமல் வளர்வது அது. பூங்காவின் வெற்றிடங்களில் புன்னை, பூவரசு, புங்கை ஆகியவற்றை இப்போதே நட்டுவிடுங்கள். தூங்குமூஞ்சிகள் முதுமையடையும் காலத்தில் இவை நிழல் தரும் பருவத்தை எட்டியிருக்கும்.

கேள்வி: என் தந்தையார் சீமைக் கருவேல விறகில் கரிமூட்டம் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். சீமைக் கருவேலத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, மாடுகளை மலடாக்குகிறது என்பவை உண்மையா? அதை ஒழித்துவிட்டால் எங்கள் பக்கத்து மக்கள் எதைக் கொண்டு பிழைப்பார்கள்?
– வாசகர், சாயல்குடி

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். இந்த விவாதத்தில் அதிகம் பேசுகிறவர்கள் உங்கள் தந்தையாரைப் போன்றவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் உண்மை எது என்று பார்ப்போம். காற்றிலுள்ள ஈரத்தை அந்த மரம் உறிஞ்சுகிறது என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. எல்லா மரங்களையும் போல அதுவும் வேரால் நீரை எடுத்து இலை வழியே காற்றில் ஆவியாக விடுகிறது. மாடு மலடாகும் என்பதும் நிறுவப்படாத பேச்சு. அதன் காய் இனிப்பும் புரதமும் நிறைந்தது, ஆடுமாடுகள் விரும்பித் தின்பது. வேறு தீவனமே இல்லாமல் அதை மட்டும் நெடுநாள் தின்னும் மாடுகளுக்குத் தாடை இயக்கம் கெடும் என்பது மட்டும் கண்டறியப்பட்ட தீங்கு. இப்படிப் பொய்யான குற்றங்களைச் சுமத்துவதால், அந்த மரம் உண்மையில் செய்யும் கேடுகள் பேசப்படாமலே போகின்றன.

அந்தக் கேடுகள் சிறியவை அல்ல. மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியன் பகுதிகளுக்கு உரிய இந்த மரத்தை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் விறகுத் தட்டுப்பாட்டையும் தரிசு நிலத்தையும் காரணம் காட்டி அரசே அதைப் பரப்பியது. ஆடு காயைத் தின்றால் விதை சாணத்தோடு பதமாகி வெளிவருகிறது. கிடை போட்ட நிலத்தில் அடுத்த மழைக்குக் கன்றுகள் முளைத்து நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகளாகத் தழைக்கிறது. அடர்ந்து வளர்ந்த இடத்தில் புல்லும் பிற செடிகளும் தலையெடுப்பது அரிது. கண்மாயின் உள்வாயிலும் வரத்துக் கால்வாயிலும் அது புகுந்துவிட்டால் நீரோட்டம் தடைப்பட்டு மண் மேடிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பெற்று, அதைக் கண்மாயில் தேக்கி ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டிய மாவட்டத்தில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஊர்தோறும் பொக்லைன் இறங்கியது. அந்த நாட்களில் என் சொந்த ஊர்க் கண்மாயில் வேலை எடுத்தவர்கள், சீமைக் கருவேலத்தோடு சேர்த்து என் பாட்டனார் காலத்து நாட்டுக் கருவேல மரங்களையும் இரண்டு உடை மரங்களையும் சாய்த்துவிட்டுப் போனார்கள். வேறுபாடு தெரியாததுதான் காரணம். தெரிந்துகொள்வது கடினமும் அல்ல. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். காய் மணிகளைக் கோத்ததுபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். உடை மரம் குடையை விரித்துக் கவிழ்த்தாற்போல் தட்டையான தலை கொண்டது, பூ வெண்ணிறம், காய் சுருண்டது. சீமைக் கருவேலத்தின் பூ வால்போல் நீண்டு தொங்கும்; காய் பழுத்தால் மஞ்சளாகும். உடை மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மரத்தை அயல் மரம் என்று எண்ணி வெட்டிவிட்டோம் என்பதை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மீட்பு வேலை எங்கே தொடங்க வேண்டும் என்றால், கண்மாய்களிலும் வரத்துக் கால்வாய்களிலும் கடலோர உப்பு நிலங்களிலும் தொடங்க வேண்டும். தூரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்குள் மாற்று மரமோ புல்லோ வளர்க்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆடு புகாமல் காக்க வேண்டும். வெறுமனே விட்ட நிலத்தில் முதலில் திரும்பி வருவது சீமைக் கருவேலமே. பட்டா நிலத்தில் நிற்பதை, கரிக்காகச் சுழற்சி முறையில் வெட்டும் உரிமையோடு, உடையவர்களிடமே இப்போதைக்கு விட்டுவிடலாம். வெட்டும் கூலி, கரி விற்ற பணம், கன்று காக்கும் வேலை ஆகிய மூன்றும் இதுவரை அந்த மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கே போய்ச் சேர வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அந்த வேலையில் மூட்டம் போட்டவர்களின் குடும்பங்களுக்கு முதல் உரிமை தரப்பட வேண்டும் என்று இந்தப் பகுதியின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சித்திரங்குடிப் பக்கம் பறவைகள் சீமைக் கருவேலத்திலேயே கூடு கட்டுகின்றனவே! அதையும் வெட்டிவிடலாமா?
– வாசகர், முதுகுளத்தூர்

பதில்: ஒரே ஆண்டில் வெட்டவே கூடாது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட பறவைகள் காப்பகங்கள். கூழைக்கடாவும் நாரைகளும் தாவரவியல் பார்த்துக் கூடு கட்டுவதில்லை. நீர் நடுவே முள்ளும் உயரமும் உள்ள மரம் எதுவானாலும் அவற்றுக்குப் போதும். ஆகவே நாட்டுக் கருவேலத்தை முதலில் வளர்த்து, பறவைகள் அதில் அமரத் தொடங்கிய பிறகு, கூடு இல்லாத மாதங்களில், சிறிது சிறிதாக மற்றதை நீக்க வேண்டும்.

கேள்வி: கடற்கரை மணலில் சவுக்கு நட்டால் புயலையும் அலையையும் தடுக்கும் என்கிறார்கள். எங்கள் பெரியவர்களோ சவுக்கு வந்த பிறகு கொடியும் புல்லும் போய்விட்டன என்கிறார்கள். உண்மை என்ன?
– மீனவர் ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: ஐயா, உங்கள் பெரியவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையோரம் நெடுகச் சவுக்கு நடப்பட்டது. சவுக்கு கெட்ட மரம் அன்று. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் நிலைநிறுத்தக் கூடியது. நான்கைந்து ஆண்டுகளில் கழியாகவும் விறகாகவும் காசு தருவது. ஆனால் ஊசி ஊசியாக உதிரும் அதன் சருகு மெத்தைபோல் மணலை மூடிவிடுவதால் அடியில் வேறு எதுவும் முளைப்பது கடினம்.

மணலைப் பிடித்து வைப்பவை அந்தச் சிறிய செடிகள்தான். அடும்பங்கொடி மணலின் மேல் வலைபோல் ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. இராவணன் மீசை என்று நாம் அழைக்கும் முட்புல் காற்றில் வரும் மணலைத் தடுத்துத் தன்னைச் சுற்றிக் குவித்துக்கொள்கிறது; மணல் மூட மூட அதற்கு மேலேயே தழைக்கிறது. மணல்மேடு இப்படித்தான் எழுகிறது. அந்த மேட்டுக்குள் மழைநீர் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மணலைத் தோண்டி ஊற்றில் குடிநீர் அள்ளுகிறவர்கள் இதை அறிவார்கள். மணல்மேட்டை இழந்தால் அந்த ஊற்றையும் இழப்போம்.

பங்குனி ஆமை முட்டையிட ஏறிவருவதும் இந்தத் திறந்த மணலுக்கே. அலை வரும் எல்லைவரை சவுக்கை நெருக்கி நட்டால், நிழலும் வேரும் அதற்குக் குழி பறிக்க இடம் தருவதில்லை. சவுக்கு வேண்டுமானால் ஊர்ப் பக்கமாக, மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். கடலுக்கு முதல் வரிசையில் அடும்பும் முட்புல்லும், அடுத்துத் தாழையும், அதற்கும் பின்னால் புன்னையும் பூவரசும் பனையும் என்பதே இந்த நிலத்தின் பழைய ஒழுங்கு. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அடும்பையும் தாழையையும் புன்னையையும் திரும்பத் திரும்பச் சொன்னது கரையில் கண்ணெதிரே அவை இருந்ததால்தான்.

கேள்வி: எங்கள் பள்ளி வளாகத்தில் மியாவாக்கி முறையில் குறுங்காடு வளர்க்க ஆசைப்படுகிறோம். இதுவும் நாட்டுத் தாவர மீட்புதானே?
– ஆசிரியை, திருப்புல்லாணி

பதில்: அம்மா, உங்கள் ஆசை நல்லது, குழந்தைகள் மண்ணில் கை வைப்பதே பெரிய காரியம். ஆனால் அதை மீட்பு என்று அழைக்கத் தயங்குகிறேன். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வீதம் நெருக்கி நட்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நீர் ஊற்றி வளர்க்கும் முறை அது. மழை மிகுந்த ஜப்பானின் காடுகளைக் கண்டு உருவான முறை. நம் கடலோரத்தில் இயற்கையாக இருந்தது அத்தகைய அடர்காடு அன்று. தள்ளித் தள்ளி நிற்கும் உடை மரங்கள், பனைகள், இடையிடையே புதர்கள், நடுவே பரந்த புல்வெளி ஆகியவை சேர்ந்ததே இங்கத்திய காடு. மரம் குறைவாக இருப்பதால் அதைத் தரிசு என்று எழுதி வைத்துவிட்டோம். இறைவன் தருப்பைப் புல்லின் மேல் பள்ளிகொண்ட ஊர், புல்லணை என்ற பெயரே புல்லாணி ஆயிற்று என்று சொல்லப்படும் ஊர், உங்களுடையது. அங்கே படிக்கும் குழந்தைகளுக்குப் புல்லும் ஒரு செல்வம் என்று கற்றுத்தர உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

வளாகத்தில் ஒரு மூலையில் குறுங்காடு வையுங்கள். மற்றொரு மூலையை வேலியிட்டு, சீமைக் கருவேலக் கன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டு, எதையும் நடாமல் இரண்டு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். என்னென்ன முளைக்கின்றன என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும். எனக்கும் ஒரு படி அனுப்பி வையுங்கள்.

கேள்வி: காரங்காட்டைப் போல எங்கள் கரையிலும் அலையாத்தி நடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: ஆறோ ஓடையோ கடலில் சேர்ந்து, சேறு படிந்து, ஏற்றவற்ற நீர் வந்து போகும் இடமானால் நடலாம். கடற்புல் வளரும் ஆழமற்ற நீரிலும் திறந்த மணற்கரையிலும் நடக் கூடாது. பாக் விரிகுடாவின் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகவே 2022-இல் அங்கே காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் மேய்ச்சல் வெளியில் மரம் நடுவது பசுமைப் பணி ஆகாது.

கேள்வி: பனங்கன்று வாங்கி நட்டேன், மூன்றும் பட்டுப்போயின. என்ன தவறு?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: பனையைப் பெயர்த்து நடுவது எளிதன்று. கொட்டையிலிருந்து முதலில் இறங்குவது வேர்போல் நீளும் ஒரு முளை. அது நேர்கீழாக ஆழத்துக்குப் போன பிறகே இலை மேலே வருகிறது. பனங்கிழங்குக்காகக் கொட்டை புதைத்தவர்கள் அதன் ஆழத்தை அறிவார்கள். பையில் வளர்ந்தால் அந்த முளை வளைந்து முறிகிறது. ஆவணி, புரட்டாசியில் உதிரும் பழத்தின் கொட்டையை எடுத்து, எந்த இடத்தில் மரம் வேண்டுமோ அந்த இடத்திலேயே ஒரு சாண் ஆழத்தில் மழைக்கு முன் புதைத்துவிடுங்கள். ஓர் இடத்துக்கு இரண்டு கொட்டை வையுங்கள். முதல் ஆண்டில் ஒற்றை இலை மட்டும் தெரிந்தால் பட்டுப்போனதென்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். அது கீழே வளர்ந்துகொண்டிருக்கிறது.