வாசலுக்குப் பூட்டுங்கள், ஹாலுக்கு வேண்டாம்

கேள்வி: அண்ணே, வீட்டுக்காரர் கட்டாரில் இருக்கிறார். நான் ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். பகலில் லயத்தில் மாமியும் பிள்ளைகள் இரண்டு பேரும்தான். போன மாதம் அடுத்த லயத்தில் காஸ் சிலிண்டர் களவு போனது. அதிலிருந்து வாசல் இஸ்தோப்பிலும் ஹாலிலும் வைஃபை கெமரா பூட்டச் சொல்லி இவர் ஒரே பிடியாக நிற்கிறார். அங்கிருந்தே போனில் பார்க்கலாமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் படம் வேறு யார் கண்ணிலாவது படுமா? எப்படிப்பட்ட கெமரா வாங்கலாம்?
– பெயர் வேண்டாம், கொட்டகலை

பதில்: தங்கச்சி, இஸ்தோப்பில் பூட்டுங்கள். ஹாலில் வேண்டவே வேண்டாம். லயத்து வீட்டில் ஹாலில்தான் படுக்கிறோம், பிள்ளைக்கு உடுப்பு மாற்றுகிறோம், மாமி குளித்துவிட்டு வந்து சேலை கட்டுகிறார். சிலிண்டர் தூக்க வருகிறவன் வாசலால்தான் வருவான், அவன் முகம் அங்கேயே பதிந்துவிடும். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று தகப்பன் ஏங்குவது நியாயம். அதற்கு இமோ வீடியோ கோல் இருக்கிறது. கோல் வந்தால் எடுக்கிறோமா, பிறகு எடுக்கிறோமா என்பது நம் கையில். கெமரா கேட்டுவிட்டுப் பார்ப்பதில்லை. இதை அவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

வேறு யார் கண்ணிலும் படுமா என்றால், கிளவுட்டுக்குப் போகும் படம் படக்கூடும். கிளவுட் என்பது கம்பனியின் சேர்வர். ரிங் என்ற கெமரா கம்பனியின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்த்தார்கள் என்று வாடிக்கையாளர் நலனைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் வழக்குப் போட்டது. அதை முடிக்க 58 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. 2024 பெப்ரவரியில் வைஸ் கெமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு வேறு யாருடையதோ வீட்டுப் படம் போனில் வந்து நின்றது. யூஃபி என்ற கம்பனி, தன் கெமராப் படங்கள் வீட்டைவிட்டு வெளியே போகாது என்று சொல்லியே விற்றது. சிறு படங்கள் சேர்வருக்குப் போவது 2022இல் வெளியில் வந்தது.

அதனால் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மெமரி கார்டிலோ, என்விஆர் என்ற, வீட்டிலேயே வைக்கும் பதிவுப் பெட்டியிலோ பதிவு செய்யும் கெமராவைக் கேளுங்கள். ஓன்விஃப் என்ற பொதுத் தரத்து வசதியும் இருந்தால், பிறகு வேறு கம்பனியின் பெட்டியோடும் இணைக்கலாம். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். வயர் இல்லாமலும் பதிவாகி, அந்தப் பதிவைத் திரும்பப் பார்க்கவும் முடிந்தால் வாங்கலாம். விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவானால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 22 ஜிபி வரும். 64 ஜிபி கார்டு மூன்று நாள் தாங்காது. ஆள் அசைவுக்கு மட்டும் பதியும்படி வைத்தால் கூடுதல் நாள் கிடைக்கும்.

கட்டாரிலிருந்து பார்ப்பதற்கு அநேகமாகக் கம்பனியின் சேர்வர் நடுவில் வரத்தான் செய்யும். அங்கேதான் பாஸ்வேர்ட் முக்கியம். 2016இல் மிராய் என்ற வைரஸ், கெமராக்களில் கம்பனி போட்ட பாஸ்வேர்டை அப்படியே விட்டிருந்தவர்களைத் தேடித்தேடிப் பிடித்தது. நம் பக்கம் இன்னொன்றும் நடக்கிறது. பூட்ட வரும் தம்பி, வேலை சுலபம் என்று தன் போனிலேயே கணக்கைத் திறந்து, உங்களுக்குப் பார்க்க மட்டும் வழி விடுவார். வீட்டின் உண்மையான சாவி அவரிடம் இருக்கும்! கணக்கு உங்கள் போனில், உங்கள் இலக்கத்தில் திறக்கப்பட வேண்டும். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போடுங்கள். கெமராவின் அடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

அப்புறம் பக்கத்து வீட்டார். லயத்தில் ஒரே இஸ்தோப்பு வரிசை, கெமராவைக் கொஞ்சம் திருப்பினால் அடுத்த காம்பரா வாசலும் தண்ணீர்ப் பீலியும் உள்ளே வந்துவிடும். பீலியில் பெண்கள் குளிக்கிறார்கள். நல்ல கெமராக்களின் செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது. படத்தின் மேல் விரலால் பெட்டி வரைந்தால், அந்த இடம் பதிவிலும் கறுப்பாகத்தான் விழும். அந்த வசதி இல்லாத கெமராவை வாங்க வேண்டாம். அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, போனில் காட்டிக்கொண்டே பெட்டியை வரையுங்கள். மைக்கையும் அணைத்துவிடுங்கள், திண்ணைப் பேச்சு யாருக்கும் பதிவாக வேண்டியதில்லை. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் முழுக்க வீட்டுத் தேவைக்கான பதிவுக்கு அது பொருந்தாது. அந்த அக்காவின் மானத்துக்கு நாம்தான் பொறுப்பு.

கேள்வி: இரவில் எங்கள் வாசல் கெமராவில் வெள்ளையாக மட்டும்தான் தெரிகிறது. பழுதா?
– நானுஓயா வாசகர்

பதில்: பெரும்பாலும் பனிமூட்டம்தான். கெமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வருகிறது. செட்டிங்கில் அதை அணைத்துவிட்டு, கெமராவிலிருந்து தள்ளி ஒரு எல்ஈடி பல்பைப் போடுங்கள். மூட்டமில்லாத இரவிலும் வெள்ளையாக இருந்தால் லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை இருக்கிறதா என்று பாருங்கள்.