சாரிட்டி கடையில் தன்னார்வலராகச் சேர்ந்தால் மாணவர் விசாவுக்குச் சிக்கல் வருமா?

கேள்வி: லண்டனில் மாணவர் விசாவில் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில், தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் சாரிட்டி கடையில் தன்னார்வலராக வரச் சொல்கிறார்கள். பஸ் செலவும் தருவார்களாம். விசாவுக்கு ஆபத்து உண்டா?

பதில்: சேரலாம். ஆனால் அவர்கள் நீட்டும் தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிட்டன் உள்துறை இதில் இரண்டு வகை பார்க்கிறது. ஒன்று 'வாலண்டியரிங்', இன்னொன்று 'வாலண்டரி வொர்க்'. தமிழில் இரண்டையும் தன்னார்வப் பணி என்றுதான் சொல்வோம், குழப்பமே அங்கேதான். முதலாவது, படிப்பு நடக்கும் காலத்தில் உங்கள் விசா அனுமதிக்கும் வாரம் 20 மணி நேர வேலைக் கணக்கில் சேராது. இரண்டாவது சம்பளம் இல்லாத வேலை. ஒப்பந்தம் இருக்கும், இத்தனை மணிக்கு வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருக்கும். அது கணக்கில் சேரும். நீங்கள் ஏற்கெனவே 20-ஐத் தொட்டுவிட்டதால் ஒரு மணி நேரம் கூடினாலும் விதிமீறல்தான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் குறைத்து இந்த வாரம் கூட்டிக்கொள்ளும் சராசரிக் கணக்கெல்லாம் செல்லாது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இங்கிலாந்தில் தன்னார்வப் பணிக்கு வழிகாட்டும் என்.சி.வி.ஓ. என்ற தேசிய அறக்கட்டளை சொல்வதைப் பாருங்கள். இது 1919-இல் தொடங்கியது, 2013-இல் 'வாலண்டியரிங் இங்கிலாந்து' அமைப்பும் இதோடு இணைந்தது. இது தன்னார்வலர்களை நேரடியாக எங்கும் சேர்த்துவிடுவதில்லை. தன்னார்வலர்களை எப்படி நடத்தவேண்டும் என்று தொண்டு நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. 'ஒப்பந்தம்' என்று எழுதாதீர்கள், 'நீங்கள் வருவீர்கள் என்று நம்புகிறோம்' என்ற தொனியில் எழுதுங்கள் என்பது அதன் பழைய பாடம். வெறும் சொல் விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் வழக்கு என்று வந்தால் தாளில் என்ன எழுதியிருக்கிறது, நடைமுறை எப்படி என்று இரண்டையும்தான் தீர்ப்பாயம் பார்க்கும். ஆகவே உங்கள் தாளில் 'ஷிஃப்ட் தவறினால் நடவடிக்கை' போன்ற வரி இருந்தால் உஷாராகுங்கள். சம்பள ஊழியர் ஒருவரின் இடத்தில் உங்களை நிறுத்துகிறார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம் பஸ் காசு. தாராளமாக வாங்குங்கள், நம் ஊர்க் கூச்சம் இங்கே வேண்டாம். தன்னார்வலர் கைக்காசு போட்டுச் சேவை செய்யக்கூடாது என்பதுதான் என்.சி.வி.ஓ.வின் நிலையும். ஆனால் செலவான தொகை மட்டும், ரசீதைக் காட்டி. லண்டன் பஸ், ரயில் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டின் பயண விவரமே போதும். 'ரசீதெல்லாம் எதற்கு, நாளுக்குப் பத்து பவுண்டு வைத்துக்கொள்' என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். செலவுக்கு மேல் வரும் காசு சம்பளமாகக் கருதப்படலாம். அப்படியானால் விசாவுக்கும் வம்பு, குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி கடைக்கும் வம்பு.

தாளைப் படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் காட்டுங்கள். அறைத்தோழரிடம் கேட்காதீர்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.