காரைக்குடி வட்டாரத் தொழிலாளர் நிலை ஆய்வு: எதை முதலில் சரி செய்வது?

கேள்வி: காரைக்குடியைச் சுற்றி ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, அரிசி ஆலை, பலகார வேலை, கட்டட வேலை செய்பவர்களின் வாழ்க்கை நிலையையும் வேலை நிலையையும் கணக்கெடுத்து மாவட்ட நிர்வாகத்திடம் பரிந்துரை கொடுக்கப் போகிறோம். கேள்வித்தாள் தயார். எத்தனை பேரைச் சந்தித்தால் போதும்?

பதில்:

எண்ணிக்கைதான் இதில் சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம். 95 விழுக்காடு நம்பகத்துடன், கூடவோ குறையவோ 5 விழுக்காட்டுக்குள் பிழை இருக்க வேண்டுமானால் 384 பேர் போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் ஒரே தெருவில் இருப்பவர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். அதற்காக ஒன்றரை மடங்காக்கினால் 576. பத்தில் ஒருவர் அகப்படமாட்டார் என்று வைத்தால் 640. தொழில்வாரியாகத் தனித்தனி முடிவு வேண்டுமென்றால் பிழையை 10 விழுக்காடாகத் தளர்த்தி, தொழிலுக்கு 96 பேரில் தொடங்குங்கள். அதே பெருக்கல்களுக்குப் பிறகு தொழிலுக்கு 160 வரும். நாலு தொழிலுக்கும் சேர்த்தால் மறுபடி 640தான். இரண்டாவது முறையில் எடுங்கள். டைல்ஸ் போடுபவரையும் மூட்டை தூக்குபவரையும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

இந்த வட்டாரத்தில் ஆய்வு கெடுவது பெரும்பாலும் வீட்டுப் பட்டியலில்தான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். இரண்டு தெருவை இரண்டு பேர் பட்டியல் எடுத்தால் ஒரே வீடு இரண்டாகிவிடும். முன்னும் பின்னும் ஒரே எண்ணைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிட்டு நகருங்கள். "இந்த வீட்டில் எத்தனை குடும்பம்?" என்று கேட்காதீர்கள். கோயில் வரிக்குப் புள்ளி (கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி) எண்ணும் நகரத்தார் வழக்கத்தில் "எட்டுப் புள்ளி" என்பார்கள். அந்த எட்டும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும், கல்யாணத்துக்குத்தான் வந்து கதவு திறப்பார்கள். பின்கட்டில் காவலுக்குக் குடியிருக்கும் குடும்பத்தை அவர்கள் கணக்கில் சொல்லவே மாட்டார்கள். நீங்கள் தேடி வந்ததோ அந்தக் காவல் குடும்பத்தைத்தான்.

அடுப்பைக் கேளுங்கள். கடந்த 6 மாதத்தில் பெரும்பாலான இரவுகள் இங்கே தங்கி, ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்புகளும் பொதுச் சமையலை வைத்துத்தான் குடும்பத்தை வரையறுக்கின்றன. ஒரே கூரையின் கீழ் தனிக்குடித்தனமாகத் தனியாகச் சமைத்தால் அது இரண்டு குடும்பம். பூட்டிய வீட்டையும் "பூட்டியது" என்று எழுதிக்கொள்ளுங்கள், பின்வாசலைத் தட்டிப் பார்க்காமல் மட்டும் எழுதாதீர்கள்.

அடுத்து வருமானம். "மாதச் சம்பளம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வி இருந்தால் அடித்துவிடுங்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்றே இல்லாதவரிடம் அதைக் கேட்டால் வாய்க்கு வந்த ஒரு முழு எண்தான் வரும். கூலி எந்த அலகில் கணக்காகிறதோ அந்த அலகில் கேட்க வேண்டும். டைல்ஸ் பட்டறையில்: போன வாரம் எத்தனை கல் போட்டீர்கள், ஒரு கல்லுக்கு எவ்வளவு, உடைந்ததற்குப் பிடித்தார்களா, கூட யார் வேலை செய்தார்கள்? கணவன் அச்சு வைத்து நிறக் கலவை ஊற்ற, மனைவி சிமென்ட் கலவை கொட்டிக் கொடுத்தால் அது இரண்டு பேர் கூலி. ஒருவர் பெயரில் எழுதினால் கூலி இரட்டிப்பாகத் தெரியும், மனைவி வேலையில்லாதவர் ஆகிவிடுவார். புதுவயல் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டைக் கூலியைக் கூட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்பவர்களிடம் மொத்தத் தொகையையும் ஆள் எண்ணிக்கையையும் கேளுங்கள். பலகாரத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்பதோடு எண்ணெயும் கேஸும் யாருடையது என்பதையும் கேட்டால்தான் கையில் நிற்கும் காசு தெரியும்.

முன்பணத்தைக் கடைசிப் பகுதியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் ஆள் மூடிக்கொள்வார். எவ்வளவு வாங்கினார், வாரம் எவ்வளவு பிடிக்கிறார்கள், அடைக்காமல் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியுமா? மூன்றாவது கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய நிலைமை அது. அப்படி ஒரு பதில் கிடைத்தால் தொழிலாளியின் சம்மதத்தோடு ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ யார், எப்படி எடுத்துச் செல்வது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே தீர்மானியுங்கள். அதை வெறும் விழுக்காடாக அறிக்கையில் போட்டுவிட்டு நகர்வது தவறு.

வேலையிடக் கேடுகளை "உடம்புக்கு ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். டப்ளினில் 1975 முதல் இயங்கும் ஐரோப்பிய ஆய்வு நிறுவனமான யூரோஃபவுண்ட், வேலை நேரத்தில் எவ்வளவு பங்கு களைப்போ வலியோ தரும் நிலையில் உடம்பை வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு பங்கு பாரம் தூக்குகிறீர்கள் என்று கேட்கும். அந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: முழு நேரமா, பாதியா, கால்வாசியா, இல்லவே இல்லையா? டைல்ஸ் வேலையில் ஈரச் சிமென்ட்டில் வெறுங்கை எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது முக்கியம். ஈரச் சிமென்ட் கடுமையான காரம், அதிலுள்ள குரோமியம் தோலில் ஒவ்வாமைப் புண்ணை உண்டாக்கும். விரல் இடுக்கில் வெடிப்பு, நகத்தைச் சுற்றிப் புண் இருக்கிறதா என்று கையைக் காட்டச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். கையுறை கொடுக்கிறார்களா என்று கேட்பதோடு நிற்காமல், போட்டால் வேலை ஓடுகிறதா என்றும் கேளுங்கள். கல் கணக்கில் கூலி வாங்குபவர் வேகம் குறைக்கும் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவார். அங்கே கையுறை வழங்கச் சொல்லும் பரிந்துரை பலிக்காது.

வீட்டிலேயே முறுக்கும் சீப்புச் சீடையும் சுற்றும் பெண்களிடம் வேலை பார்க்கிறீர்களா என்றால் "சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். 2019-லும் 2024-லும் நடந்த மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, முந்தின நாள் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை அரை அரை மணி நேரமாகக் கேட்டது. அதைப் பின்பற்றுங்கள். கூடுதலாக ஒருவருக்கு இருபது நிமிடம் ஆனாலும் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இந்த ஆய்வே என்பது என் எண்ணம். சோறாக்கியது, தண்ணீர் பிடித்தது, மாவு பிசைந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரே சுற்றில் முடிக்காதீர்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, சமையலும் பலகாரமும் படுத்துவிடும். ஐப்பசியில் தீபாவளி ஓட்டம், அதோடு மழை வந்து கல்லும் நெல்லும் காயாது. இரண்டு பருவத்திலும் அதே ஆட்களைச் சந்தியுங்கள். இடம் வீடாக இருக்கட்டும், இரவு 7 மணிக்கு மேல். பட்டறையில் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய பதிலைத் தூக்கிப் போடலாம். பெயரும் கைபேசி எண்ணும் தனித்தாளில், பதில்கள் வேறு தாளில், இரண்டையும் இணைக்கும் எண் ஒருவரிடம் மட்டும்.

பரிந்துரையை, அதைச் செய்யக்கூடிய அலுவலரை மனதில் வைத்து எழுதுங்கள். "நலவாரியப் பதிவு குறைவு" என்பதால் எதுவும் நகராது. 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழுள்ள வாரியங்களில் பதியத் தகுதியிருந்தும் பதியாதவர் எத்தனை பேர்? அவர்களில் தகவலே தெரியாதவர், சான்றுக்கு அலைந்து விட்டவர், புதுப்பிக்காமல் விட்டவர் எத்தனை பேர்? இப்படிப் பிரித்துக் கொடுத்தால் தொழிலாளர் உதவி ஆணையர் ஊர்வாரியாக முகாம் போடலாம். பேருந்தும் அப்படித்தான். மகளிருக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து 2021 மே முதல் ஓடுகிறது. வேலை தொடங்கும், முடியும் நேரத்துக்கு அது வருகிறதா என்று கேட்டு, வராத வழித்தடத்தின் எண்ணையும் நேரத்தையும் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு ஒரு தாளில் கொடுங்கள்.

அச்சடித்த கேள்வித்தாளை இப்போதே மொத்தமாக நகல் எடுத்துவிடாதீர்கள். தொழிலுக்கு ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியை இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கிறதோ அதை மாற்றி எழுதுங்கள்.