செம்புராங்கல்: மண்ணா, கல்லா?

அன்புள்ள ஐயா,

திருமயம் மலையைப் பற்றி எழுதியபோது, கல்தான் காலப்போக்கில் மண்ணாகிறது என்று சொல்லியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டக் குழி வெட்டினோம். மேலே சரளை, அடியில் செம்புராங்கல். வெட்டும்போது மண்வெட்டிக்கே சீவிக்கொண்டு வந்தது. வெளியே போட்ட துண்டுகள் இப்போது சுத்தியலுக்கும் மசியவில்லை. "மண்ணு முத்துனாத்தான் கல்லு" என்கிறார் அப்பத்தா. யார் சொல்வது சரி? இந்தக் கல்லில் சுற்றுச்சுவர் கட்டலாமா?

ர., காரைக்குடி

அன்புள்ள ர.,

அப்பத்தா சொல்வதும் சரி, நான் சொன்னதும் சரி. நான் சொன்னது முதல் பாதி, அவர் சொன்னது அடுத்த பாதி.

திருமயம் பாறை பூமிக்குள் ஆழத்தில், பெரும் பாரத்துக்கு அடியில் உருவானது. மேலிருந்தவை கரைந்து போகப் போகப் பாரம் குறைந்தது, பாறை லேசாக விரிந்தது, தோல் தோலாக விரிசல் விட்டது. அந்த விரிசலில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு வருவதால் அது லேசான அமிலம். கருங்கல்லில் வெளுப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரிகிற ஃபெல்ட்ஸ்பாரை அது களிமண்ணாக்கிவிடும். குவார்ட்ஸ், அதாவது நம்ம வெங்கச்சாங்கல், கரையாமல் மணலாக உதிரும். கறுப்புப் புள்ளிகளில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். நம்மூர்ச் செவலுக்கு அந்த நிறம் வந்தது இப்படித்தான். ஆனால் வெறும் பாறை முகத்தில் இது மகா மெதுவாக நடக்கிற வேலை. திருமயம் குடைவரையில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உளித்தடம் இன்னும் தெரிகிறது.

இனி அப்பத்தாவின் பாதி. நல்ல மழையும் கடும் வெயிலும் மாறி மாறி வருகிற நிலத்தில், தண்ணீர் லட்சக்கணக்கான வருஷம் மண் வழியாக இறங்கிக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பு, சோடியம், பொட்டாசியம் முதலில் போய்விடும். அப்புறம் சிலிக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். இரும்பும் அலுமினியமும் சுலபத்தில் கரையாதவை, அதனால் தங்கிவிடும். டிகாக்ஷன் இறங்கியபின் ஃபில்டரில் நிற்கும் சக்கைதான் செம்புராங்கல். உங்கள் துண்டு ஒன்றை வெயிலில் பிடித்துப் பாருங்கள். புழு அரித்தது போன்ற ஓட்டைகள், ஓட்டைச் சுவரில் கருஞ்சிவப்பாக இரும்பு, இடையிடையே மஞ்சளும் வெள்ளைக் களியும் இருக்கும். நிலத்துக்குள் ஈரம் இருக்கும்வரை அந்த இரும்பு இளகலாக இருக்கும். காற்றுப் பட்டுக் காய்ந்ததும் நீரை இழந்து படிகமாகி, துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிவிடும். மறுபடி நனைத்தாலும் பழைய இளக்கம் வராது. நம் ஊருணிகளில் செம்புராங்கல் படிகள் தண்ணீரிலேயே கிடந்தும் உறுதியாக நிற்பது அதனால்தான்.

கேரளத்து அங்காடிப்புரத்தில் இதே கல்லைப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஃபிரான்சிஸ் புக்கானன், தோண்டும்போது கத்தியால் வெட்டலாம், சீக்கிரமே செங்கல்லாக இறுகிவிடும் என்று 1807இல் அச்சான தன் பயண நூலில் எழுதினார். ஊர்க் கல்வெட்டிகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி, இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்ற பெயர்தான் அவர் வைத்தது.

இந்தக் கல்லும் நிரந்தரமில்லை. மேலோடு உடைந்த இடத்தில் ஐப்பசி மழை அடிமண்ணை அரித்துக் கண்மாயில் கொண்டு சேர்க்கும். கோடையில் வண்டி வைத்துக் கரம்பை அள்ளி வயலில் கொட்டுகிறோமே, அது மேட்டிலிருந்து ஓடிப்போன மண்தான். சத்தெல்லாம் கரைந்துபோன செம்புராங்கல் மேட்டில் முந்திரி மாதிரி முரட்டு மரம்தான் தாக்குப்பிடிக்கும். நெல் வேண்டுமென்றால் பள்ளத்துக்குத்தான் போக வேண்டும்.

சுவர் தாராளமாகக் கட்டுங்கள். ஒரு கோடை முழுக்கக் கற்களைக் காயவிடுங்கள். வெள்ளைக் களி அதிகமாக அப்பிய துண்டுகளைக் கழித்துவிடுங்கள், அவை மழையில் கரைந்து ஓடும். மிச்சமிருப்பதை விற்கலாம் என்று வீட்டில் யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அதற்குக் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும்.