ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சி முகாம்: மகனை அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் மகன் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்காக நான்கு வருடம் ஐஸ் ஹாக்கி ஆடினான். என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) டிவிஷன் 3, அதாவது மூன்றாம் மட்டம்; ஆடுமிடம் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்). மே மாதம் பட்டம் வாங்கிவிட்டான். இப்போது ஈசிஎச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியில் மூன்றாம் படி லீக்) அணி ஒன்று அக்டோபர் முகாமுக்குக் கூப்பிடுகிறது. ஒப்பந்தம் கிடையாது, டிரைஅவுட் (ஆடிக் காட்டும் தேர்வு) மட்டும். டொரான்டோவில் செப்டம்பரில் சேர வேண்டிய வேலையும் கையில் இருக்கிறது. அனுப்பலாமா? அங்கே எதைப் பார்த்து ஆள் எடுப்பார்கள்?

பதில்: அனுப்புங்கள், ஆனால் வேலையை உதறிவிட்டு வேண்டாம். நவம்பரில் சேரலாமா என்று அந்த நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை. அதற்குள் முகாமும் முடிந்திருக்கும், சீசனின் முதல் சில வாரங்களும் ஓடியிருக்கும். அவன் நிலை என்ன என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

முகாமில் இடங்கள் எப்படிக் காலியாகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். செப்டம்பர் நடுவில் உச்ச லீக்கான என்எச்எல்லின் முகாம்கள் தொடங்கும். அங்கே கழிக்கப்பட்டவர்கள் அடுத்த படியான ஏஎச்எல்லுக்கு வருவார்கள், அங்கேயும் இடமில்லாதவர்கள் ஈசிஎச்எல்லுக்கு இறங்குவார்கள். முகாமின் முதல் நாளில் உங்கள் மகன் பார்க்கும் ஆட்கள் வேறு, நான்காம் நாளில் மேலிருந்து ஒப்பந்தத்தோடு வந்து இறங்குகிறவர்கள் வேறு. அவர்கள் வந்த பிறகு டிரைஅவுட் பையன்களுக்குக் களத்தில் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும். அதனால் முதல் இரண்டு நாளிலேயே கண்ணில் பட வேண்டும். ‘மெதுவாகச் சூடு பிடிப்பான்’ என்பதெல்லாம் இங்கே செல்லாது.

சாதகமான விஷயமும் உண்டு. 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர்களை ‘வெட்டரன்’ என்று கணக்கிட்டு, ஓர் ஈசிஎச்எல் அணி நால்வருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்பது விதி. வாரச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது, புதியவர்களின் சம்பளம் குறைவு. ஆக, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புதுமுகங்கள் தேவைப்படுகிறார்கள். நீங்கள் எழுதாத ஒன்று: அவன் வலப்பக்கம் ஷூட் செய்கிறவனா? அப்படிப்பட்ட டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள் எல்லா மட்டத்திலும் குறைவு. அவன் அவர்களில் ஒருவன் என்றால் கதவு கொஞ்சம் அகலமாகவே திறந்திருக்கிறது.

எதைப் பார்ப்பார்கள்? கோல்களை அல்ல. கோல் போட மேலிருந்து ஆள் வந்துவிடும். மூலையில் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எடுக்கத் திரும்பும்போது, முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கிறானா? பக் ஸ்டிக்கில் பட்டதுமே முதல் பாஸ் போகிறதா, இல்லை இரண்டு தடவை தட்டிப் பார்க்கிறானா? நாற்பது, நாற்பத்தைந்து விநாடியில் ஷிஃப்ட் (களத்தில் ஒரு தடவை இறங்கி ஆடும் நேரம்) முடித்து பெஞ்சுக்கு வரும்போது காலை இழுத்துக்கொண்டு வருகிறானா, பாய்ந்து வருகிறானா? பெனால்டி கில்லில் (தண்டனையால் ஓர் ஆள் குறைந்து ஆடும்போது) தயங்காமல் ஷாட்டின் குறுக்கே விழுகிறானா? கல்லூரி அணியில் பவர் பிளே (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) நட்சத்திரமாக இருந்த பையன்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். கடைசி ஜோடி டிஃபென்ஸ் வேலையை (களத்தில் மிகக் குறைந்த நேரம் கிடைக்கும் ஜோடி) முகம் சுளிக்காமல் செய்கிறவனைத்தான் தேடுகிறார்கள்.

கல்லூரி ஆட்டத்தில் முழு முகக் கம்பிக்கூண்டு கட்டாயம், தொழில்முறையில் அரை வைசர் (முகத்தின் மேல்பாதியை மட்டும் காக்கும் ஒளிபுகும் தட்டு). நான்கு வருடம் கூண்டுக்குள் ஆடியவனுக்கு முகத்தைக் காத்துக்கொள்ளும் பழக்கமே போயிருக்கும். கோடையிலேயே வைசர் மாட்டி, பல்காப்பு போட்டுப் பழகட்டும். உடம்பும் அப்படித்தான். டிவிஷன் 3-இல் ஒரு சீசனுக்கு 25 முதல் 30 ஆட்டம், அதுவும் பெரும்பாலும் வார இறுதியில். ஈசிஎச்எல்லில் 72. வெள்ளி, சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து மூன்று நாள் ஆடிவிட்டுப் பேருந்தில் திரும்புவது அங்கே சாதாரணம்.

கிளம்பும் முன் அணியிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. தங்குமிடமும் பயணமும் யார் செலவு? முகாமில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? இதை விட்டுவிடாதீர்கள். ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அமெரிக்காவில் மிகக் கொஞ்சமே தரும், சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் தொழில்முறை விளையாட்டுக் காயத்தை விலக்கி வைக்கின்றன. எல்லையைக் கடக்க அணியின் கடிதம் வேண்டும். ஒப்பந்தம் கிடைத்தால் வேலை அனுமதிக்கு அணிதான் விண்ணப்பிக்க வேண்டும், பழைய மாணவர் விசா உதவாது. அப்புறம், இது பணம் கட்டிச் சேரும் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ முகாம் இல்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு யார் வேண்டுமானாலும் போகலாம், அந்த அழைப்புக்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

இந்தப் பேச்சு வந்தால் பெற்றோர்கள் மார்ட்டின் செயின்ட் லூயியைத்தான் இழுப்பார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், என்எச்எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கல்லூரி முடித்ததும் என்எச்எல் அணியான ஒட்டாவாவின் முகாமில் முயன்றும் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனாலும் 2004-இல் டாம்பா பே அணியுடன் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றார். உண்மைதான், ஆனால் டிவிஷன் 3 பையனுக்கு அது அளவுகோல் ஆகாது. அந்தக் கதையில் உங்களுக்குப் பயன்படுவது நடுவில் இருக்கிறது: ஒட்டாவா வேண்டாம் என்றதும் அவர் கீழ் லீக்கான ஐஎச்எல்லில் கிளீவ்லாந்துக்குப் போய் ஆடினார்.

உங்கள் மகனையும் கழித்துவிட வாய்ப்பு அதிகம். அன்று அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லும்போது கைகுலுக்கிவிட்டு வந்துவிடக் கூடாது. ‘எனக்கு எந்த அணியில் இடமிருக்கும், உங்கள் பேரைச் சொல்லி அங்கே பேசலாமா?’ என்று கோச்சிடம் நேராகவே கேட்கட்டும். ஈசிஎச்எல்லுக்கும் கீழான லீக்கான எஸ்பிஎச்எல்லின் அணிகள் அந்த வாரங்களில்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கும். சீசன் தொடங்கியபின் ஏஎச்எல்லில் ஒருவருக்கு முழங்கால் போனால் ஈசிஎச்எல்லிலிருந்து ஒருவர் மேலே போவார், அங்கே ஓர் இடம் காலியாகும். அப்போது கோச் கூப்பிடுவது முகாமில் பார்த்து மனதில் வைத்த பையனைத்தான். அதனால் நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தாலும் ஸ்கேட்டிங்கை நிறுத்த வேண்டாம். டிசம்பர் கடைசி வரை வாரத்துக்கு மூன்று நாளாவது பனியில் இறங்கட்டும், பாஸ்போர்ட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.